‘சந்தேகப்பட்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கணக்கு எழுதும் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர், தாம் அனுப்பவிருந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றைப் படித்துப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்தார். கணக்கில் பிழை இருப்பதாகச் சில மாதங்களுக்கு முன்பே தமக்குச் சந்தேகம் வந்தது என்பதையும், அதை அப்போதே வாய்மொழியாகத் தெரிவித்திருந்ததையும் மேலிடத்துக்கு எடுத்துச் சொல்வதே அந்தக் கடிதத்தின் நோக்கம். அதன் முக்கியமான வரி இப்படி இருந்தது: ‘ஐ டவுட்டட் தட் தேர் வாஸ் அன் எரர் இன் தி அக்கவுன்ட்ஸ்.’ இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அந்த வரியைப் படித்தால், ‘கணக்கில் பிழை இருக்கும் என்று நான் நம்பவில்லை’ என்றே புரிந்துகொள்வார். பிழையை முதலில் கண்டவர் தாமே என்று சொல்ல முயன்ற மனிதர், பிழை இருக்க வாய்ப்பில்லை என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டதாகத் தம் கைப்படவே எழுதி வைத்திருந்தார்.

‘சந்தேகம்’ என்றால் ‘டவுட்’ என்று பள்ளி நாளிலிருந்தே நாம் மனத்தில் பதித்துக்கொண்ட சமன்பாடுதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்தச் சமன்பாடு சில இடங்களில் சரியாகவே வரும். வேறு சில இடங்களில் பொருளைத் தலைகீழாக்கிவிடும். நடந்து முடிந்த ஒரு காலத்தில் நம் மனத்தில் இருந்த ஐயத்தைச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வழிகள் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் சொல்லையே பார்த்துவிட வேண்டும். ‘சந்தேகப்பட்டேன்’ என்ற வினைக்குத் தனியாக ஒரு சாய்வு கிடையாது. ‘அவன் வருவானா என்று சந்தேகப்பட்டேன்’ என்று சொன்னால், வராமல் போகலாம் என்ற பக்கம் மனம் சாய்ந்திருந்தது. ‘அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்பட்டேன்’ என்று சொன்னால், எடுத்திருப்பான் என்ற பக்கமே மனம் சாய்ந்திருந்தது. இரண்டிலும் வினை ஒன்றே. சாய்வைக் காட்டுவது ‘என்று’ என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்லும், அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆ’ அல்லது ‘ஓ’வும்தான். இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ‘கொல்லே ஐயம்’ என்று தொல்காப்பியம் ‘கொல்’ என்ற இடைச்சொல்லுக்கு இலக்கணம் சொல்வதிலேயே, ஐயத்தின் சுமையை ஒரு சிறு சொல்லின் மேல் ஏற்றிவிடும் தமிழின் இயல்பு தெரிகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சாய்வு வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வினையைத் தவறாக எடுத்துவிட்டால், பின்னால் என்ன சேர்த்தாலும் சாய்வைத் திருத்த முடியாது.

ஆகையால் ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால் நம் தமிழ் வாக்கியத்தில் ‘என்று’ என்பதற்கு முன்னே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. ‘கணக்கு சரியா என்று’ இருந்தால் ஒரு வழி. ‘கணக்கு தவறோ என்று’ இருந்தாலும் ‘கணக்கு தவறு என்று’ இருந்தாலும் வேறு வழி. இந்த ஒன்றைக் கவனித்துவிட்டால் மற்றத் தெரிவுகள் பெரும்பாலும் நடைக்கும் தொனிக்கும் உரியவை. அங்கே பிசகினாலும் பொருள் முழுதாகக் கெட்டுவிடாது.

பொருளையே புரட்டிவிடக்கூடியது ‘டவுட்டட்’, ‘சஸ்பெக்டட்’ என்ற இரண்டுக்கும் இடையே எடுக்கும் முடிவு. ‘டவுட்டட்’ என்று எழுதினால், அதற்குப் பின்னால் வரும் செய்தி உண்மையாக இருக்காது என்ற பக்கம் நாம் நின்றோம் என்று பொருள். ‘சஸ்பெக்டட்’ என்று எழுதினால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்ற பக்கம் நின்றோம் என்று பொருள். எதை எடுப்பது என்று தடுமாறும்போது நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சொல்ல வந்ததை ‘என்று நம்பவில்லை’ என்று முடித்துப் பார்ப்பேன். பிறகு ‘என்றே தோன்றியது’ என்று முடித்துப் பார்ப்பேன். ‘கணக்கில் பிழை இருக்கும் என்று நம்பவில்லை’ என்பது நண்பர் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ‘கணக்கில் பிழை இருக்கும் என்றே தோன்றியது’ என்பதே அவர் சொல்ல வந்தது. எனவே அங்கே ‘சஸ்பெக்டட்’ மட்டுமே நிற்க முடியும்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘டவுட்’ என்ற சொல் நம் ‘சந்தேகம்’ போலவே இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1600-ஆம் ஆண்டை ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், இறந்துபோன தந்தையின் ஆவி போர்க்கோலத்தில் உலவுவதாகக் கேள்விப்பட்ட இளவரசன் ‘ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே’ என்கிறான். ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன் என்பதே அதன் பொருள். சதி நடந்திருக்காது என்பது அல்ல. இன்றைய பொது வழக்கில் அந்தப் பொருள் மறைந்துவிட்டது. நம்மவர் ஆங்கிலத்தில் ‘டவுட்டட்’ என்பதை ‘சஸ்பெக்டட்’ என்ற பொருளில் எழுதும்போது, அது ஆங்கிலத்துக்கு முற்றிலும் அந்நியமான பயன்பாடு அல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கடிதத்தைப் படிப்பவர் இன்றைய ஆங்கிலத்தில்தான் படிப்பார்.

இந்த வேறுபாடு மிகவும் கூர்மையாகத் தெரியும் இடம் மருத்துவம். எலும்பு முறிந்திருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார் என்பதைச் சொல்ல ‘தி டாக்டர் சஸ்பெக்டட் எ ஃப்ராக்சர்’ என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் ‘டவுட்டட்’ என்று போட்டால், எலும்பு முறிவு இருக்காது என்று டாக்டர் கருதினார் என்று ஆகிவிடும். அதைப் படிக்கும் அடுத்த மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பதைத் தள்ளிப்போடவும் கூடும். ஆட்களைப் பற்றிச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ‘அவரைச் சந்தேகப்பட்டேன்’ என்பதற்கு ‘ஐ சஸ்பெக்டட் ஹிம்’ என்று எழுதினால், குற்றம் செய்தவர் அவரே என்று நினைத்ததாகப் பொருள். என்ன குற்றம் என்பதைச் சேர்க்க ‘ஆஃப்’ வரும். ‘ஐ டவுட்டட் ஹிம்’ என்று எழுதினால், அவருடைய சொல்லையோ திறமையையோ நம்பவில்லை என்று பொருள். முதலாவது ஒரு குற்றச்சாட்டு, இரண்டாவது நம்பிக்கையின்மை. ‘என்னையே நான் சந்தேகப்பட்டேன்’ என்று சொல்லும் இடத்தில் மட்டும் குழப்பத்துக்கு இடமில்லை. அது எப்போதும் ‘ஐ டவுட்டட் மைசெல்ஃப்’ தான்.

எதிர்மறையோடு சேரும்போது சிக்கல் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ‘அவன் வரமாட்டானோ என்று சந்தேகப்பட்டேன்’ என்ற எளிய தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஐ டவுட்டட் தட் ஹி வுட் நாட் கம்’ என்று எழுதுபவர்கள் பலர். ‘டவுட்டட்’ என்பதற்குள் ஏற்கெனவே ஓர் எதிர்மறை இருக்கிறது. ‘நாட்’ இன்னோர் எதிர்மறை. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ‘அவன் எப்படியும் வருவான் என்று நினைத்தேன்’ என்று முடிகிறது. இந்தத் தமிழ் வாக்கியத்துக்கு ‘ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஹி மைட் நாட் கம்’ என்பதோ, ‘ஐ ஹேட் எ ஃபீலிங் ஹி வுடின்ட் கம்’ என்பதோ இயல்பாக வரும். முன்னதில் வராமல் போய்விடுவானோ என்ற கவலை தெரியும். பின்னதில் உள்மனம் அப்படிச் சொன்னது என்பது மட்டும் தெரியும். தமிழில் ‘ஓ’ ஒட்டிய வாக்கியம் கைக்கு வந்தால் ‘டவுட்டட்’ என்ற சொல்லை அறவே மறந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

‘டவுட்டட்’ தான் சரி என்று முடிவான பிறகு அதன் பின்னால் ‘தட்’ போடுவதா, ‘வெதர்’ அல்லது ‘இஃப்’ போடுவதா என்ற கேள்வி எழும். ‘தட்’ போட்டால் நம்பாமையும், ‘வெதர்’ அல்லது ‘இஃப்’ போட்டால் உறுதியின்மையும் மேலோங்கும் என்பது பழைய நடைக் கையேடுகளின் பகுப்பு. இன்று எழுதுபவர்கள் அந்தக் கோட்டைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை. பேச்சில் எதையுமே போடாமல் ‘ஐ டவுட்டட் ஹி வுட் கம்’ என்பதும் சாதாரணம். எதிர்மறை வாக்கியத்தில் மட்டும் ‘தட்’ என்பதே இயல்பு: ‘ஐ நெவர் டவுட்டட் தட் ஹி வுட் கம்’. இதைவிட முக்கியமானது உள்வாக்கியத்தின் காலம். ‘வருவானா என்று சந்தேகப்பட்டேன்’ என்று தமிழில் சொல்லும்போது, அன்று மனத்தில் எழுந்த கேள்வியை அப்படியே எடுத்து வாக்கியத்துக்குள் வைத்துவிடுகிறோம். ‘வருவானா’ எதிர்காலமாகவே நிற்கும். ஆங்கிலம் அதை அனுமதிப்பதில்லை. ‘வில்’ என்பது ‘வுட்’ ஆக வேண்டும், கேள்வியின் சொல்வரிசையும் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும். ‘ஐ டவுட்டட் வில் ஹி கம்’ என்று எழுதுவது இந்த இரண்டையும் தவறவிட்டதன் விளைவு.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரடியான ‘ஐ டவுட்டட்’ என்பது ஆங்கிலப் பேச்சில் நாம் நினைக்கும் அளவுக்கு வருவதில்லை. நிகழ்காலத்தில் ‘ஐ டவுட் இட்’ என்பது வாயில் தானாக வரும் தொடர். இறந்தகாலத்தில் அதே வினை சற்று விறைப்பாக, கதைசொல்லியின் எழுத்து நடைபோல ஒலிக்கும். பேசுகிறவர்கள் அந்த இடத்தில் பெரும்பாலும் எடுப்பது வேறு இரண்டு. ஒன்று, ‘ஐ டிடின்ட் திங்க் ஹி வுட் கம்’. மற்றொன்று, ‘ஐ வாஸ்ன்ட் ஷ்யூர் ஹி வுட் கம்’.

இவற்றுள் முதலாவது தமிழருக்கு மிகவும் எளிதாக வசப்பட வேண்டியது. ஏனெனில் நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ‘அவன் வரமாட்டான் என்று நினைத்தேன்’ என்பதைவிட ‘அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை’ என்பதே பல இடங்களில் நம் வாயில் இயல்பாக வரும். எதிர்மறை உள்வாக்கியத்திலிருந்து எழும்பி ‘நினை’ என்ற வினையின் மேல் போய் உட்காரும் இந்த வழக்கம் இரு மொழிக்கும் பொது. தடையில்லாமல் கடக்கக்கூடிய பாலம் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு ‘டவுட்டட்’ என்ற சுற்றுவழியில் நடப்பது வீண் உழைப்பு. ‘நம்பவில்லை’ என்ற சாய்வோடு, எளிய நடையில், யாரையும் புண்படுத்தாமல் சொல்ல வேண்டுமானால் இதைவிடச் சிறந்த தெரிவு எனக்குத் தெரியவில்லை.

‘ஐ வாஸ்ன்ட் ஷ்யூர்’ என்பது இரு பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பது. ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்பதற்கு மேல் அது எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அதனாலேயே பிறர் மனம் நோகாமல் சொல்ல வேண்டிய இடத்தில் அது பெரிதும் உதவும். ‘உங்களால் இந்த வேலையை முடிக்க முடியுமா என்று சந்தேகப்பட்டேன்’ என்று ஒருவரிடமே சொல்ல நேர்ந்தால், ‘ஐ டவுட்டட் யூ குட் டூ இட்’ என்பது முகத்துக்கு நேராக அவர் திறமையை மறுப்பது. ‘ஐ வாஸ்ன்ட் ஷ்யூர் யூ வுட் ஹேவ் தி டைம்’ என்பது அதே தயக்கத்தை மரியாதையோடு சொல்வது. ஆனால் பொறுப்பை நிறுவ வேண்டிய எழுத்தில் இது மிகவும் மென்மையாகிவிடும். நண்பரின் கடிதத்தில் இதைப் போட்டிருந்தால், பிழையைக் கண்டுகொண்டவர் என்ற பொருள் பாதி கரைந்துபோயிருக்கும்.

‘வொண்டர்’ என்ற வினையை நம்மவர் பெரும்பாலும் தொடுவதில்லை. அதற்கு ‘வியப்பு’ என்று மட்டும் படித்து வைத்திருப்பதே காரணமாக இருக்க வேண்டும். ‘அட்’ என்ற முன்னிடைச்சொல்லோடு வந்தால் அது வியத்தல்தான். ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ சேர்ந்தால், நம் ‘ஓ என்று நினைத்தேன்’ என்பதற்கு அவ்வளவு நெருக்கமான வேறு ஆங்கில வழி கிடையாது. ‘மறந்துவிட்டானோ என்று நினைத்தேன்’ என்பது ‘ஐ வொண்டர்ட் இஃப் ஹி ஹேட் ஃபர்காட்டன்’ என்றாகும். ‘சஸ்பெக்டட்’ என்பதில் இருக்கும் குற்றச்சாட்டின் வாடை இதில் இல்லை; ‘டவுட்டட்’ என்பதில் இருக்கும் மறுப்பும் இல்லை. மனத்தில் ஒரு கேள்வி வந்து போனது, அவ்வளவே. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று தொடங்கும் வாக்கியம், இறந்தகால வடிவத்தில் இருந்தாலும், இப்போது பணிவாக உதவி கேட்பது. அதற்கும் ஐயத்துக்கும் தொடர்பில்லை.

‘சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்’ என்று நீடித்த நிலையைச் சொல்லும்போது கன்டினியூவஸ் வடிவத்தில் ‘ஐ வாஸ் டவுட்டிங்’ என்று எழுதத் தோன்றும். ‘டவுட்’ என்பது ‘நோ’, ‘பிலீவ்’ போன்ற மனநிலை வினைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. பொதுவாக அந்த வடிவத்துக்கு இசையாது. தொடர்ச்சியைக் காட்ட வேண்டுமானால் ‘ஐ வாஸ் ஹேவிங் டவுட்ஸ்’ என்றோ, ‘ஐ வாஸ் பிகினிங் டு டவுட்’ என்றோ, ‘ஐ கெப்ட் வொண்டரிங்’ என்றோ எழுதலாம். நெடுநேரம் காத்திருந்தவர், தாமதமாக வந்தவரிடம் சொல்வதற்கு ‘ஐ வாஸ் பிகினிங் டு வொண்டர் இஃப் யூ வேர் கமிங்’ என்பது கச்சிதமாகப் பொருந்தும். ‘வருவீர்களா மாட்டீர்களா என்றே நினைக்கத் தொடங்கிவிட்டேன்’ என்ற அந்தச் செல்லமான முறையீடு அப்படியே அதில் இருக்கும்.

இனி, பெயர்ச்சொல்லாக வரும் ‘டவுட்’. இதில் ஒருமையா பன்மையா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். ‘எனக்கு ஒரு டவுட்’ என்று நாம் வகுப்பில் கை தூக்கும்போது உண்மையில் நமக்கு இருப்பது ஒரு கேள்வி. தெற்காசிய ஆங்கிலத்தில் இந்தப் பயன்பாடு வேரூன்றி நிற்கிறது. நமக்குள் எழுதும்போது அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிற நாட்டவருக்கு ‘ஐ ஹேட் எ டவுட் அபவுட் யுவர் செகண்ட் பாயின்ட்’ என்று எழுதினால், விளக்கம் கேட்கிறோம் என்பதற்குப் பதில், அவர் சொன்னது உண்மையா என்று ஐயுறுகிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். விளக்கம் வேண்டியிருந்தால் ‘ஐ ஹேட் எ கொஸ்டின்’ என்பதே பாதுகாப்பு.

பன்மையில் ‘ஐ ஹேட் டவுட்ஸ் அபவுட்’ என்பது எல்லா நடைக்கும் பொருந்தும் நல்ல தொடர். அதில் ‘மை’ சேர்த்து ‘ஐ ஹேட் மை டவுட்ஸ்’ என்று சொல்லும்போது நிறம் மாறுகிறது. இந்த ‘மை’ உடைமையைக் காட்ட வந்தது அல்ல. ‘எனக்குள் ஏதோ நெருடிக்கொண்டிருந்தது, வெளியே சொல்லவில்லை’ என்ற குறிப்பை அது கொண்டுவருகிறது. என்ன ஐயம், எதனால் ஐயம் என்று விவரிக்க விரும்பாதபோது, அல்லது விவரிக்க முடியாதபோது, இதைப்போல் உதவும் தொடர் வேறில்லை. இதன் உடன்பிறப்பு ‘ஐ ஹேட் மை சஸ்பிஷன்ஸ்’. அங்கே சாய்வு மறுபக்கம், யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்ற பக்கம். எதிர்மறையில் சொல்ல வேண்டுமானால் மீண்டும் ஒருமைக்கு வந்து ‘ஐ ஹேட் நோ டவுட்’ என்கிறோம். இதை வாக்கியத்தின் தொடக்கத்தில் தனியாக நிற்கும் ‘நோ டவுட்’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘நோ டவுட் ஹி ட்ரைட்’ என்றால், முயன்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன் என்ற அளவுக்கே பொருள். உறுதி அதில் குறைவு.

அந்த ஐயம் பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதும் இறந்தகாலத்தின் வேலை. தமிழில் ‘முதலில் சந்தேகமாகத்தான் இருந்தது’ என்றவுடன், அந்தத் ‘தான்’ ஒன்றே ‘பிறகு தெளிந்துவிட்டது’ என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘அட் ஃபர்ஸ்ட்’ செய்கிறது: ‘அட் ஃபர்ஸ்ட் ஐ ஹேட் மை டவுட்ஸ்’. அதை விட்டுவிட்டு ‘ஐ ஹேட் மை டவுட்ஸ்’ என்று மட்டும் நிறுத்தினால், ஐயம் பொய்த்ததா பலித்ததா என்று கேட்பவர் காத்திருப்பார். ‘ஐ ஹேவ் ஆல்வேஸ் ஹேட் மை டவுட்ஸ்’ என்றால் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ‘ஐ ஹேட் ஹேட் மை டவுட்ஸ்’ என்றால், சொல்லிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிக்கு முன்பே இருந்தது. ‘ஹேட்’ இருமுறை வருவது கண்ணை உறுத்தினாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஐயம் இருந்தது என்பதைப் போன்ற செய்திகளில் அந்தக் கால வரிசை தவறக் கூடாது. நேர்முகத் தேர்விலோ விண்ணப்பத்திலோ பழைய தயக்கத்தைச் சொல்பவர்கள் இதில் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். இந்தத் துறை தமக்கு ஏற்றதா என்று முன்பு ஐயம் இருந்தது என்று சொல்ல வந்தவர், ‘ஹேவ் ஹேட்’ என்று எழுதி, இன்னும் அந்த ஐயத்திலேயே இருப்பவராகத் தோன்றிவிடக் கூடும்.

ஒரு செய்தியின் உண்மையைப் பற்றிய ஐயம் வேறு, ஒரு முடிவை எடுப்பதா வேண்டாமா என்ற ஊசலாட்டம் வேறு. பின்னதற்கு நாம் ‘இரண்டு மனமாக இருந்தது’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘ஐ வாஸ் இன் டூ மைண்ட்ஸ்’ என்ற அதே உருவகம் இருக்கிறது. அமெரிக்க வழக்கில் ‘இன்’ என்பதற்குப் பதில் ‘ஆஃப்’ வரும். ‘டவுட்’ என்ற சொல்லின் மூலமான லத்தீன் வினை ‘டுபிடாரே’ கூட ‘இரண்டு’ என்னும் வேரோடு உறவுள்ளது. உச்சரிக்கப்படாமல் நடுவில் நிற்கும் அந்த ‘பி’ எழுத்தும், லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலத்தில் எழுத்தில் செருகப்பட்டதே. முடிவை எடுத்த பிறகு மனம் பின்வாங்கியிருந்தால் ‘ஐ ஹேட் செகண்ட் தாட்ஸ்’ என்பதே உரிய தொடர். எடுக்கும் முன் இருந்த தயக்கத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

அலுவலக எழுத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் உரிய சொற்கள் தனி வரிசை. ‘ஸ்கெப்டிகல்’ என்பது, சான்று காட்டினால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் அறிவுசார்ந்த நம்பாமை. கட்டுரையில் நன்றாக நிற்கும். பிரிட்டன் வழக்கில் அதைச் ‘சி’ எழுத்தாலும் அமெரிக்க வழக்கில் ‘கே’ எழுத்தாலும் எழுதுகிறார்கள். ‘ரிசர்வேஷன்ஸ்’ என்பது பெரும்பாலும் உடன்பட்டு, சிலவற்றில் மட்டும் தயங்கியதைக் காட்டும். ‘மிஸ்கிவிங்ஸ்’ என்பதில் கெட்டது நடக்குமோ என்ற உள்ளுணர்வு கலந்திருக்கும். ‘டியூபியஸ்’, ‘சஸ்பிஷியஸ்’ என்ற இரண்டையும் எழுதும்போது எழுவாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஐ வாஸ் டியூபியஸ் அபவுட் தி பிளான்’ என்றால் எனக்கு ஐயம். ‘தி பிளான் வாஸ் டியூபியஸ்’ என்றால் திட்டமே ஐயத்துக்குரியது. ‘ஹி வாஸ் சஸ்பிஷியஸ்’ என்பதோ சந்தேகப்பட்டவர் அவரா, சந்தேகத்துக்கு ஆளானவர் அவரா என்பதையே தெளிவாகச் சொல்லாமல் நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விட அலுவலக எழுத்தில் கவனிக்க வேண்டியது, ஐயம் மனத்துக்குள்ளேயே இருந்ததா, வாய்விட்டுச் சொல்லப்பட்டதா என்பது. ‘டவுட்டட்’, ‘சஸ்பெக்டட்’, ‘வொண்டர்ட்’, ‘ஹேட் மை டவுட்ஸ்’ ஆகிய எல்லாமே உள்ளத்தில் நடந்தவை. ‘சந்தேகம் எழுப்பினேன்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘ஐ ரெய்ஸ்டு டவுட்ஸ்’ என்றோ ‘ஐ எக்ஸ்பிரஸ்டு டவுட்ஸ்’ என்றோ எழுத வேண்டும். ‘ஐ கொஸ்டின்ட்’ என்பதும் பெரும்பாலும் வெளிப்படையானதுதான். ஆனால் அதில் எதிர்த்துக் கேட்டதன் சூடு இருக்கும்.

நண்பரும் நானும் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இந்தத் தெரிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ‘ஐ ஹேட் மை டவுட்ஸ் அபவுட் தி ஃபிகர்ஸ்’ என்பது காதுக்கு இனிமையாக இருந்தது. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் என்ற தோற்றத்தைத் தந்தது. ‘ஐ ரெய்ஸ்டு டவுட்ஸ்’ என்பது சொன்னதைக் காட்டியது. என்ன நினைத்துச் சொன்னார் என்பதைக் காட்டவில்லை. கடைசியில் ‘ஐ சஸ்பெக்டட் அன் எரர் இன் தி அக்கவுன்ட்ஸ் அண்ட் செட் ஸோ அட் தி டைம்’ என்று எழுதினோம். பிழை இருக்கிறது என்று நினைத்தேன், அப்போதே சொன்னேன் என்ற இரண்டு செய்தியும் ஒரே வரியில், எந்தப் பக்கமும் சாய்த்துப் படிக்க இடமில்லாமல் நின்றன.

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டே, ‘அப்படியானால் டவுட்டட் என்று எழுதவே கூடாதா?’ என்று அவர் கேட்டார். எழுதியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றேன். ஒருவரை நம்பாமல் இருந்துவிட்டு, அவர் சொன்னதே சரி என்று தெரிந்த பிறகு, அவரிடமே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்: ‘ஐ ஆம் சாரி ஐ எவர் டவுட்டட் யூ.’ அங்கே ‘சஸ்பெக்டட்’ என்று மாற்றினால், குற்றவாளி என்று நினைத்ததற்கு வருந்துவதாக ஆகிவிடும். ‘வாஸ்ன்ட் ஷ்யூர்’ என்று மாற்றினால், தவறு நம் பக்கம் இருந்தது என்ற ஒப்புதலே காணாமல் போய்விடும். ‘உன்னை நம்பாமல் போனேனே’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல அந்த ஒரு வினைதான் இருக்கிறது.